"தம்பி, இப்போ என்ன பண்றே?" - இந்தக் கேள்விக்குப் பயந்து ஒளிந்தால் வேலை தேடல் முடியாது!

முகூர்த்த நாள் வந்தாலே சில வீடுகளில் சின்னதாக ஒரு சண்டை நடக்கும். அம்மா பட்டுப்புடவையோடு தயாராக நிற்பார். அப்பா மொய்க் கவரைத் தேடிக்கொண்டிருப்பார். டிகிரி முடித்து ஒரு வருடமாக வேலை தேடும் பிள்ளை மட்டும், "எனக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்க" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். தலைவலி எதனால் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்துக்குப் போனால் பெரியம்மா முதல் தூரத்துச் சித்தப்பா வரை எல்லோரும், "தம்பி, இப்போ என்ன பண்றே?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சில பொய்கள் தயாராக இருக்கின்றன. "எக்ஸாமுக்குப் படிச்சுட்டிருக்கேன்." "ஆஃபர் வந்துடுச்சு, ஜாயினிங் டேட்தான் சொல்லல." சிலர் பேச்சை மாற்றிவிட்டுப் பந்திக்கு நழுவிவிடுவார்கள். வேலை இல்லை என்று வெளியே சொல்வதை ஏதோ நோயைச் சொல்வதுபோல் நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் அல்ல, பெற்றோரும் அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், வேலை பற்றிய தகவல் யாரிடம் இருக்க வாய்ப்பு அதிகமோ, அவர்களுக்குப் பயந்துதான் இந்தப் பிள்ளைகள் வீட்டில் படுத்திருக்கிறார்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வு செய்து கண்டறிந்த விஷயம். அதற்குப் போகும் முன், சந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை.

கூட்டம் எவ்வளவு பெரியது?

2024-ல் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. அப்படியும் ஓர் இடத்துக்கு 200 பேருக்குக் குறையவில்லை.

தனியார் பக்கம் ஐ.டி-தான் நம் ஊர்ப் பிள்ளைகளின் பெரிய கனவு. நாட்டின் மிகப்பெரிய ஐ.டி நிறுவனமான டி.சி.எஸ், 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைப் பணியாளர்கள். அனுபவசாலிகளே சந்தைக்கு வந்து நிற்கும்போது, புதிதாகப் படித்து முடித்தவர்களின் வரிசை இன்னும் பின்னால் போகிறது. புதியவர்களுக்குப் பெரிய ஐ.டி நிறுவனங்கள் தரும் ஆரம்பச் சம்பளமும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்ச ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. சென்னையில் வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், வேலை கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையும் சோம்பேறி என்றோ, திறமை இல்லாதவர் என்றோ முடிவுகட்டுவது அநியாயம். ஆனால், தேடும் முறையில் பெரும்பாலானோர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதும் உண்மை.

300 கிளிக்... பதில் ஏன் வரவில்லை?

காலையில் எழுந்ததும் போனைக் கையில் எடுப்பது, நௌக்ரி, லிங்க்ட்இன் ஆப்களைத் திறப்பது, கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் 'அப்ளை' அழுத்துவது. மதியத்துக்குள் 30 விண்ணப்பம் முடிந்துவிடும். நிறைய உழைத்துவிட்டதுபோல் மனதுக்குத் தோன்றும். பத்து நாளில் 300. பதில் ஒன்றும் இருக்காது. அடுத்து வருவது சலிப்பு, அதற்கடுத்து 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற எண்ணம்.

ஒரே கிளிக்கில் விண்ணப்பிக்க முடிகிறது என்பது உங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இல்லை. அதே பட்டனை இன்னும் ஆயிரக்கணக்கானோர் அழுத்துகிறார்கள். மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஹெச்.ஆர் அத்தனையையும் திறந்து படிக்கப்போவதில்லை. ஊர், அனுபவம், திறன், எப்போது சேர முடியும், கடைசியாக எப்போது புரொஃபைலைத் திறந்தார் என்று வடிகட்டி, மேலே வரும் சிலரை மட்டும் பார்ப்பார். பல நிறுவனங்களில் முதல் வடிகட்டலை மென்பொருளே செய்துவிடுகிறது. விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா என்று அது தேடும்.

எனவே ஆன்லைன் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். நாளுக்கு 30 என்பதை வாரத்துக்கு 10 என்று ஆக்கிக்கொள்ளலாம். அந்தப் பத்துக்கும் விளம்பரத்தை முழுதாகப் படித்து, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றை அதே சொற்களில் ரெஸ்யூமில் வைத்து அனுப்புங்கள். விளம்பரம் வந்த முதல் ஓரிரு நாள்களிலேயே அனுப்பிவிடுவது நல்லது. புரொஃபைலில் வாரம் ஒருமுறை சின்னத் திருத்தமாவது செய்தால் தேடலில் முன்னால் வர வாய்ப்பு உண்டு. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது? இங்கேதான் அந்தச் சித்தப்பா வருகிறார்.

நெருங்கிய நண்பரைவிட 'தெரிந்தவர்' முக்கியம்!

மார்க் கிரானோவெட்டர் என்பவர் அமெரிக்கச் சமூகவியலாளர். பாஸ்டன் நகருக்கு அருகில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்: 'இந்த வேலை பற்றி உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?'

பாதிக்கும் மேற்பட்டோர், தெரிந்த ஒருவர் மூலம் என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். அப்படிச் சொன்னவர்களிடம், அந்த நபரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 17 சதவிகிதம்தான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 56 சதவிகிதம். அரிதாகத்தான் பார்ப்பேன் என்றவர்கள் 28 சதவிகிதம். அதாவது, வேலைத் தகவல் பெரும்பாலும் உயிர் நண்பனிடமிருந்து வரவில்லை. பழைய வகுப்புத் தோழர், முன்னாள் சக ஊழியர் போன்ற அரைகுறைப் பழக்கக்காரர்களிடமிருந்தே வந்திருக்கிறது.

யோசித்தால் காரணம் எளிதாகப் புரியும். நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேரும் ஒரே காலேஜ், ஒரே டீக்கடை, ஒரே வாட்ஸ்அப் குரூப். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். அவர்களும் வேலைதான் தேடிக்கொண்டிருப்பார்கள்! ஆனால், வருடத்துக்கு ஒருமுறை கல்யாணத்தில் பார்க்கும் அந்த உறவினர் இருப்பது வேறு உலகத்தில். ஓசூர் கம்பெனியில் ஆள் எடுப்பது, கரூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் ஒருவர் விலகுவது எல்லாம் அவர் காதில் விழும், உங்கள் காதில் விழாது.

இது பழைய கதை, இப்போது பொருந்துமா என்று கேட்கலாம். 2022-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனாளர்களின் ஐந்து ஆண்டுத் தரவைக் கொண்டு இதைச் சோதித்தது. அறிமுகம் ஓரளவு உண்டு, ஆனால் மிக நெருக்கம் இல்லை என்ற வகையினரே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று அதிலும் வந்தது. குறிப்பாக, டிஜிட்டல் சார்ந்த துறைகளில் இந்தப் பலன் கூடுதல். கணினிப் பயன்பாடு குறைந்த துறைகளில் நெருக்கமானவர்களின் பங்கே அதிகமாக இருந்தது.

கல்யாண வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு "சும்மாதான் இருக்கேன்" என்பதற்குப் பதிலாக, ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். "பி.காம் முடிச்சிருக்கேன் சித்தப்பா, டேலி, ஜி.எஸ்.டி ஃபைலிங் தெரியும். கோயம்புத்தூர்லயோ திருப்பூர்லயோ அக்கவுன்ட்ஸ் வேலை தேடறேன்." கேட்டவருக்கு இப்போது கையில் பிடிக்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று சொன்னால் அவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? 'ஏதாவது' என்ற பெயரில் எந்த வேலையும் சந்தையில் இல்லையே.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

முன்பின் பழகாத சீனியருக்கு "ஹாய் சார், எனி வேகன்சி?" என்று மெசேஜ் அனுப்பி, கூடவே ரெஸ்யூமையும் தள்ளிவிடுபவர்கள் ஏராளம். அவர் பார்ப்பார், கடந்து போவார். அவரால் ஆம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல மனம் வராது. அதனால் பேசாமல் இருந்துவிடுவார்.

வேலையைக் கேட்காமல் விவரத்தைக் கேட்டால் நிலைமை மாறும். உதாரணத்துக்கு இப்படி: "வணக்கம் அண்ணா. நான் நம்ம காலேஜ் மெக்கானிக்கல், உங்களுக்கு நாலு வருஷம் ஜூனியர். குவாலிட்டி சைடுல வேலை தேடிட்டிருக்கேன். உங்க கம்பெனியில ஃபிரெஷர்ஸை எப்படி எடுக்கறாங்க, என்னெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு பத்து நிமிஷம் போன்ல கேட்கலாமா? உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்க."

பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று பேராவது பேசக்கூடும். பேசும்போது அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது, "இது பத்தி இன்னும் யார்கிட்ட பேசினா நல்லா இருக்கும்ணா?" என்று ஒரு கேள்வி. அவர் ஒரு பெயரைச் சொன்னால் உங்கள் வட்டம் ஒருவரால் பெரிதாகிறது. ஒரு வாரம் கழித்து, "நீங்க சொன்ன கோர்ஸை ஆரம்பிச்சுட்டேன்ணா" என்று இரண்டு வரி எழுதினால், அவர் உங்களை மறக்க மாட்டார்.

கேட்பது பிச்சை எடுப்பதுபோல் இருக்கிறது என்று கூச்சப்படுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் தகுதியானவரைச் சிபாரிசு செய்யும் ஊழியருக்கு 'ரெஃபரல் போனஸ்' தருகின்றன. விளம்பரம் போட்டு, ஆயிரம் பேரை வடிகட்டுவதைவிட அது அவர்களுக்கு லாபம். நீங்கள் தேறினால் அந்தச் சீனியருக்கும் பலன்தான். ஆனால், ரெஃபரல் என்பது இன்டர்வியூ வரை கொண்டுபோய் விடும் பேருந்துதான். உள்ளே பேச வேண்டியது நீங்கள்தான்.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 'தெரிந்தவர்கள்' எல்லோருக்கும் சமமாக அமைவதில்லை. அப்பா வங்கி மேலாளர், மாமா ஜெனரல் மேனேஜர் என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வட்டம் பிறந்த அன்றே கிடைத்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது கிடையாது. சாதி, ஊர், பள்ளிக்கூடம் என்று பல வேலிகள் தாண்டித்தான் அவர் ஒரு அறிமுகத்தைப் பெற வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கல்லூரிதான் பெரிய சொத்து. பாடம் நடத்திய பேராசிரியர், பிளேஸ்மென்ட் ஆபீசர், ஹாஸ்டல் சீனியர்கள், புராஜெக்ட் செய்த கம்பெனியின் சூப்பர்வைசர், பகுதிநேரமாக வேலை பார்த்த கடையின் முதலாளி என எழுதிப் பார்த்தால் இருபது முப்பது பெயர்களாவது வரும். கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் பிளேஸ்மென்ட் செல்லுக்கும் நமக்கும் உறவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போய்க் கேட்கும் பழைய மாணவருக்கும் வழி சொல்லும் ஆபீசர்கள் இருக்கிறார்கள்.

ரெஸ்யூமில் சாதி எதற்கு?

இன்றைக்கும் நம் ஊர் ரெஸ்யூம்கள் பலவற்றில் அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனவரா என்பதெல்லாம் இருக்கின்றன. கடைசியில் 'மேலே கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். யாரோ ஒரு சீனியரின் ஃபைலை வாங்கி, பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தின் விளைவு இது. தனியார் நிறுவனத்துக்கு இவை தேவையில்லை.

புதியவருக்கு ஒரே பக்கம் போதும். மேலே பெயர், போன் எண், ஊர், ஒழுங்கான இமெயில் முகவரி. பள்ளி நாள்களில் நடிகர் பெயரைச் சேர்த்து உருவாக்கிய முகவரியாக இருந்தால் புதிதாக ஒன்று தொடங்கிவிடுங்கள். 'சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன்' என்ற பொதுவான வரியை எடுத்துவிட்டு, என்ன வேலைக்கு வருகிறீர்கள், அதற்கு என்ன தெரியும் என்று இரண்டு வரி எழுதலாம். ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் தலைப்பு மட்டும் போதாது. அதில் நீங்கள் செய்த பங்கு என்ன, என்ன கருவியைப் பயன்படுத்தினீர்கள், என்ன விளைவு என்பதுதான் இன்டர்வியூவில் கேள்வியாக வரும். நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டில் மற்ற மூன்று பேர் செய்ததையும் தன்னுடையதாகச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

ரெஸ்யூமைப் போனில் படம்பிடித்து பி.டி.எஃப் ஆக்கி அனுப்பாதீர்கள். மென்பொருளால் அதிலுள்ள எழுத்துகளைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்ட அலங்கார டெம்ப்ளேட்டுகளிலும் அதே சிக்கல் வருகிறது. ஃபைலின் பெயர் 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3' என்று இல்லாமல், உங்கள் பெயரும் வேலையின் பெயருமாக இருக்கட்டும்.

சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லலாமா? பிழை திருத்த, ஆங்கிலத்தைச் சரிசெய்ய தாராளமாக. ஆனால், அது சேர்க்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இன்டர்வியூவில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். தெரியாத சொல் இருந்தால் அடித்துவிடுங்கள்.

உங்கள் மாவட்டத்தையே ஒருமுறை பாருங்கள்

வேலை என்றாலே ஓ.எம்.ஆர் அல்லது பெங்களூரு என்றுதான் பலருக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டின் அமைப்பு அப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், மின்னணுத் தொழிற்சாலைகள். ஓசூரில் இரு சக்கர வாகனமும் மின்னணுவும். கோவையில் பம்ப், மோட்டார், வார்ப்படம். திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல். தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரி பாகம் செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல, ஆப்களில் விளம்பரமே செய்வதில்லை. கேட் போர்டு, தெரிந்த சூப்பர்வைசர், உள்ளூர் வாட்ஸ்அப் குரூப், நாளிதழின் வரி விளம்பரம். அவ்வளவுதான். சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரண்டு நாள் நேரில் போய், கேட் கேட்டாக விசாரிப்பது பழைய பாணிதான். ஆனால், சிறு நிறுவனங்களில் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

பி.காம் படித்தவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகம் நல்ல ஆரம்பம். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால், ஒரே வருடத்தில் இருபது விதமான தொழில்களின் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த இருபது முதலாளிகளும் உங்களை அறிவார்கள் என்பது கூடுதல் லாபம்.

அரசு தரும் வழிகளில் சில அதிகம் பேசப்படாமல் கிடக்கின்றன. வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு செய்துவிட்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தனியார் நிறுவனங்களுக்கான சிறு முகாம்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், தொடர்ந்து நடக்கின்றன. 'தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம்' என்ற அரசின் தளத்தில் பதிவு இலவசம். மத்திய அரசின் 'நேஷனல் கரியர் சர்வீஸ்' தளமும் அப்படியே.

இன்னொன்று அப்ரன்டிஸ் பயிற்சி. பட்டதாரிகள், டிப்ளமோ முடித்தவர்களுக்கான இந்தத் திட்டத்தைத் தென்மாநிலங்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பயிற்சி வாரியம் கவனிக்கிறது. பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் உதவித்தொகை என 2019-ல் நிர்ணயிக்கப்பட்டது. நெய்வேலி என்.எல்.சி முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வரை இந்த வழியில் ஆள் எடுக்கின்றன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால், 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். தெரிந்தவர் வட்டம் இல்லாதவருக்கு அங்கே ஒரு வட்டமும் கிடைக்கும்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனை முறை எழுதுவது, எந்த மாதத்தோடு நிறுத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. முடிவு செய்யாமல் தொடங்கினால், 'இன்னும் ஒரு அட்டெம்ப்ட்' என்பது நான்கு வருடம் ஆகிவிடும். பாதி நாள் வேலை, மீதி நேரம் படிப்பு என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்த் தேர்ச்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கேட்டால் அது வேலை இல்லை

வேலை கிடைக்காத வருத்தத்தில் இருப்பவரைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. பிரபல நிறுவனத்தின் பெயரில் ஆஃபர் லெட்டர் வரும். முத்திரை, கையெழுத்து எல்லாம் அச்சு அசல். லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ், சர்டிஃபிகேட் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஏதோ ஒரு பெயரில் சில ஆயிரம் கேட்பார்கள். உண்மையான நிறுவனம் வேலைக்கு எடுக்க உங்களிடம் பணம் கேட்காது. வீட்டிலிருந்தே வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவதும் இதே வகைதான். முதலில் 200 ரூபாய் தருவார்கள். பிறகு உங்களை முதலீடு செய்யச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டு வேலையில் பணத்தோடு உயிருக்கும் ஆபத்து. தாய்லாந்தில் ஐ.டி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடி பகுதியில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைபட்டு, 2022-ல் மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழகத்து இளைஞர்களும் உண்டு. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மத்திய அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்க முடியும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும் மட்டுமே வாங்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமும் போகலாம்.

போலி அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகள் இன்னொரு குழி. மூன்று வருட அனுபவம் என்று காகிதத்தில் போடுவது எளிது. பி.எஃப் கணக்கின் யு.ஏ.என் எண்ணில், யார் எந்த மாதம் எங்கே வேலை பார்த்தார் என்ற வரலாறு இருக்கிறது. பின்னணி சரிபார்ப்பில் அது வெளியே வந்தால் வேலை போய்விடும். அந்த நிறுவனம் மறுபடி உங்கள் பெயரைத் தொடாது.

நாற்பதைத் தாண்டியவர்களும் இல்லத்தரசிகளும்

வேலை இழப்பைச் சொல்லக் கூச்சப்படுவது இளைஞர்கள் மட்டும் இல்லை. வீட்டில் சொல்லாமல் தினமும் லஞ்ச் பாக்ஸோடு கிளம்பிப் போகும் அப்பாக்களும் உண்டு. ஆனால், 45 வயதுக்காரரிடம் ஒரு பெரிய பலம் இருக்கிறது. இருபது வருடத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் இப்போது பத்துப் பதினைந்து நிறுவனங்களில் பரவியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் மறைப்பது, கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுபோல்தான்.

குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள், அந்த இடைவெளியை ரெஸ்யூமில் மறைக்க வேண்டியதில்லை. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, குடும்பப் பொறுப்புக்காக என்று ஒரே வரி. அடுத்த வரியில், அண்மையில் புதுப்பித்துக்கொண்ட திறன். இடைவெளி விட்ட பெண்களை மீண்டும் எடுப்பதற்கென்றே சில நிறுவனங்கள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. டாடா குழுமம் 2008-லேயே இதைத் தொடங்கியது. பழைய மேனேஜருக்கு ஒரு போன் போடுவதுதான் பலருக்கு மலைபோல் தெரிகிறது. பத்து வருடம் கழித்துப் பேசினால் என்ன நினைப்பாரோ என்று தயங்குவார்கள். நன்றாக வேலை பார்த்தவர் என்ற நினைவு இருந்தால், சந்தோஷப்படவே செய்வார்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

ஒரு சாதாரண நோட்டு போதும். யாரிடம் பேசினோம், எங்கே விண்ணப்பித்தோம், என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது அழைக்க வேண்டும் என்று தேதி போட்டு எழுதி வைப்பது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். அழைப்பே வரவில்லை என்றால் ரெஸ்யூமிலோ தேடும் இடத்திலோ சிக்கல். அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நிற்கிறது என்றால் பேச்சுப் பயிற்சி தேவை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் எல்லோரும் இன்னொரு சர்டிஃபிகேட் கோர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பெற்றோர் தினமும் மாலையில் "என்னாச்சு?" என்று கேட்பதை வாரம் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டாலே வீட்டில் பாதிச் சூடு தணியும். அதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. அப்பாவின் போனில் நானூறு ஐந்நூறு எண்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து அதைக் கீழே வரை தள்ளிப் பார்க்கலாம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், பேச வேண்டியது பிள்ளைதான். பிள்ளைக்காக அப்பாவே பேசினால் எதிரில் இருப்பவர் வேறு மாதிரி எடைபோடுவார்.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைக்கவில்லை என்றால் வங்கியிலிருந்து போன் வரும் வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே மேலாளரை நேரில் பார்த்துத் தவணையைத் தள்ளிவைக்க எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் சரியும். அது வேலையையே பாதிக்கலாம். கடனைச் சரியாகக் கட்டாத வரலாறு இருந்ததால் ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் தங்கள் கல்விக்கடன் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.